பெயரை விட்டு நிலத்தைப் பிடியுங்கள்: கிராமத்து முன்னோரை ஆவணங்களில் தேடும் வழி

கொள்ளுப்பாட்டனாரின் பெயரும் ஊரும் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்ற நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜமீன்தார்களைப் பற்றியும் பெரிய மிராசுதார்களைப் பற்றியும் எழுதிவைக்க ஆள் இருந்தது. இங்கே நான் சொல்லப்போவது, இரண்டு மூன்று ஏக்கர் புஞ்சையை வைத்துக்கொண்டு, கடன் வாங்கி, வட்டி கட்டி, பத்திரத்தில் கைநாட்டு வைத்து, ஊரை விட்டு அதிகம் வெளியே போகாமல் வாழ்ந்து மறைந்த ஒரு சாதாரணக் குடியானவரைத் தேடும் முறை. எடுத்துக்காட்டுகளை என் கொள்ளுப்பாட்டனாரைத் தேடிய அனுபவத்திலிருந்தே எடுத்திருக்கிறேன். அவர் அன்றைய தென்னார்க்காடு ஜில்லா, திருக்கோவிலூர் தாலுகாவில் ஒரு மானாவாரி ஊரைச் சேர்ந்தவர்.

புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் செய்கிற முதல் தவறு பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுவது. நம்மிடம் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர் பெரும்பாலும் கிடையாது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. ஆகவே ஒரே குடும்பத்தில் இரண்டு பெயர்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி வந்துகொண்டிருக்கும். போதாக்குறைக்கு அண்ணன் தம்பி இருவருமே தங்கள் மூத்த மகனுக்குத் தங்கள் தகப்பனார் பெயரை வைத்திருப்பார்கள். ஊருக்கு ஒரு குலதெய்வமோ ஒரு பெரிய கோயிலோ இருந்தால், அந்தச் சாமியின் பெயரில் ஒரே தெருவில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். இந்தப் பெயர்க் குழப்பத்தில் நான் ஏழெட்டு மாதங்களை இழந்தேன். எங்கள் கொள்ளுப்பாட்டனார் என்று நம்பி நான் தேடிக்கொண்டிருந்தவர் அவருடைய பெரியப்பா மகன் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது தவறு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர் இருக்கும் என்று நம்புவது. பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு வீடு வீடாக எடுத்த பழைய கணக்கெடுப்புத் தாள்களே முதல் துணை. சென்னை மாகாணத்தில் 1871 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்தார்கள் என்றாலும், கூட்டுத்தொகைகளை அச்சிட்ட பிறகு தனி ஆட்களின் தாள்களைப் பாதுகாக்கவில்லை. உங்கள் ஊரில் அன்று எத்தனை வீடுகள், எத்தனை பேர் என்று அறியலாமே ஒழிய, யார் யார் என்று அறிய முடியாது.

அப்படியானால் எங்கேதான் தேடுவது? ஒரு குடியானவர் சர்க்காரைச் சந்தித்த இடங்கள் மிகச் சில: கிஸ்தி கட்டியபோது, நிலத்தை அளந்தபோது, அடமானம் வைத்தபோது, வீட்டில் பிறப்பும் இறப்பும் நேர்ந்தபோது. இவற்றில் மூன்று நிலத்தோடு ஒட்டியவை. ஆட்கள் ஊர் மாறுவார்கள், பெயர் மாறுவார்கள். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும். நமக்குச் சர்வே எண்தான் குடும்பப் பெயர் என்று வைத்துக்கொண்டு தேடினால் வேலை பாதியாகக் குறையும்.

வீட்டிலிருந்து தொடங்குதல்

எந்த அலுவலகத்துக்கும் போவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஆனால் "தாத்தா எந்த வருஷம் பிறந்தார்?" என்று கேட்காதீர்கள், அதற்கு யாரிடமும் பதில் இருக்காது. கிணறு வெட்டியது யார், எந்தக் கொல்லையில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டார்கள், அவர் செத்தபோது கொள்ளி வைத்தது யார், பங்கு பிரித்தபோது வீடு யாருக்குப் போயிற்று என்று கேட்டால் பேச்சு தானாக வரும். குறிப்பாகக் கொல்லைகளின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். பனைமரத்துக் கொல்லை, ஓடைக்கொல்லை, மேட்டுக்கழனி என்று ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் வீட்டில் ஒரு பெயர் இருக்கும். இந்தப் பெயர்கள் பழைய பத்திரங்களிலும் அப்படியே வரும்.

ஊரிலேயே இருக்கிற ஆண்களைவிட, வெளியூருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட அத்தைமார்களே நல்ல சாட்சிகள் என்பது என் அனுபவம். ஊரில் இருப்பவர்களுக்குப் பழையதும் புதியதும் கலந்துபோயிருக்கும். அத்தையின் மனத்திலோ, அவர் தாலி கட்டிக்கொண்டு புறப்பட்ட அன்று ஊர் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.

காலத்தைக் கணிக்க ஊரறிந்த நிகழ்ச்சிகளைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாது வருஷத்துப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை நீடித்தது. எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22. விஷக்காய்ச்சல் ஊர் ஊராக ஆட்களைக் கொண்டுபோனது 1918. சேலம், கோயம்புத்தூர்ப் பக்கத்தவர்களுக்கு மேட்டூர் அணை திறந்த 1934 ஒரு நல்ல குறி. இராமநாதபுரத்தாருக்கு 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல். "அந்தப் புயலுக்கு முன்னாலேயே தாத்தா போய்விட்டார்" என்ற ஒரு சொல், பல ஆண்டுக் கணக்கேடுகளைப் புரட்டும் வேலையை மிச்சப்படுத்தும்.

பிறகு டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். கிஸ்தி ரசீதுகள், பழைய பத்திரங்கள், ஜாதகக் குறிப்புகள், கருமாதிப் பத்திரிகைகள் ஆகியவை இருக்கக்கூடும். இவற்றோடு பலரும் பொருட்படுத்தாத ஒன்றையும் கேட்டு வாங்குங்கள்: மொய் நோட்டு. 1950-களில் நடந்த ஒரு காதுகுத்தின் மொய் நோட்டில் ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். தாய்மாமன் வரிசை முதலில் வரும். அந்த முதல் வரியின் ஊர்தான் உங்கள் பாட்டி பிறந்த ஊர். பங்காளிகள் யார், சம்பந்திகள் யார் என்பதையும் எந்தெந்த ஊர்களில் கொள்வினை கொடுப்பினை இருந்தது என்பதையும் இதைப்போல வேறெதுவும் காட்டாது. குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரிப் பட்டியலும் இதற்கு நிகரானது. பிழைப்புக்காகச் சிதறிப்போன பங்காளிகள் அதில் ஒரே பக்கத்தில் இருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய பத்திரத்தைப் பற்றி நீங்கள் பேச்செடுத்த மறுநாளே, பங்கு கேட்க வந்திருக்கிறான் என்ற பேச்சு ஊரில் கிளம்பிவிடும். என் சித்தப்பா ஒருவர் ஓராண்டு என்னோடு பேசவில்லை. நோக்கத்தை முதலிலேயே விளக்கி, அசலைக் கையில் வாங்காமல், அவர்கள் முன்னிலையிலேயே படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

ஆண்டுகளைப் படித்தல்

கையில் கிடைக்கும் தாள்களில் ஆங்கில ஆண்டு இல்லாமல், வருவாய்த்துறைக் கணக்குக்கான பசலி ஆண்டு மட்டும் இருக்கலாம். பசலி ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி ஜூன் இறுதியில் முடியும். அதோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். பசலி 1334 என்றால் 1924 ஜூலை முதல் 1925 ஜூன் வரை. கன்னியாகுமரி மாவட்டத்தின் பெரும்பகுதி 1956 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடுமாக இருந்ததால், அங்கே கொல்லம் ஆண்டு வரும். அதோடு ஏறத்தாழ 825-ஐக் கூட்ட வேண்டும்.

ஜாதகங்களில் பிரபவ முதல் அட்சய வரையான 60 ஆண்டுப் பெயர்கள் வரும். பிரபவ ஆண்டுகள் 1867, 1927, 1987 ஆகியவற்றில் சித்திரையில் தொடங்கின. இந்த மூன்றை நினைவில் வைத்துக்கொண்டு மற்றவற்றை எண்ணிக்கொள்ளலாம். ரக்தாட்சி என்றால் 1924-25, அல்லது 1864-65, அல்லது 1984-85. எந்தச் சுற்று என்பதை மற்றச் செய்திகளிலிருந்துதான் முடிவு செய்ய வேண்டும். 60 ஆண்டு தவறினால் தாத்தா பேரனாகிவிடுவார். பெயரும் ஒன்றாகவே இருந்துவிட்டால் தவறு வெளியே தெரியாது.

நிலத்தைப் பின்தொடர்தல்

முதலில், உங்கள் ஊர் அந்தந்தக் காலத்தில் எந்த ஜில்லாவில், எந்தத் தாலுகாவில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். திருக்கோவிலூர்ப் பகுதி தென்னார்க்காட்டில் இருந்து, 1993-இல் விழுப்புரம் மாவட்டத்துக்கும் 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் போயிற்று. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். ஈரோடு 1979 வரை கோயம்புத்தூரோடு இருந்தது. ஆவணங்கள் எல்லாமே புது மாவட்டத் தலைநகருக்கு மாற்றப்பட்டிருக்கும் என்று எண்ணி அங்கே போய் நின்றால், பழைய தலைநகருக்குப் போகச் சொல்வார்கள்.

அடுத்து, குடும்பத்தில் யாரிடமாவது இன்றுள்ள பட்டாவிலிருந்து ஒரு சர்வே எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசின் இணையவழி நிலச் சேவையில் பட்டா, சிட்டா, அ-பதிவேட்டு விவரம், புலப்படம் ஆகியவற்றைப் பார்க்கலாம். அ-பதிவேடு என்பது ஊரிலுள்ள ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வரி வீதம் எழுதிய பதிவேடு. நஞ்சையா புஞ்சையா, மண் எப்படி, தரம் என்ன, பரப்பு எவ்வளவு, தீர்வை எவ்வளவு, பட்டாதாரர் யார் என்பவை அதில் இருக்கும். 1979-இல் தொடங்கி 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது, அதாவது ஊரில் எல்லோரும் யூ.டி.ஆர். என்று சொல்கிற வேலையின்போது, பல ஊர்களில் எண்களும் பெயர்களும் மாறின. ஏக்கர் சென்ட் போய் ஹெக்டேர் ஏர் வந்தது. ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். அ-பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கென்று தனிக் கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தை முதலில் பாருங்கள். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் பழைய கணக்குகளுக்குள் போக முடியும்.

பழைய எண் கிடைத்ததும் வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் ஆவணக் காப்பறையிலோ, யூ.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேடும், நிலத்துக்குத் தீர்வை நிர்ணயித்தபோது எழுதிய நிலவரித் திட்டப் பதிவேடும் இருக்கின்றனவா என்று எழுத்து மூலம் மனுச் செய்யுங்கள். மறு நிலவரித் திட்டத்தின்போது குடியானவர்களுக்கு வழங்கிய தோராயப் பட்டா உங்கள் டிரங்குப் பெட்டியிலேயே கிடைத்துவிட்டால் அது பெரும் அதிர்ஷ்டம். ஒருவர் பெயரில் ஊரில் இருந்த நிலங்கள் எல்லாம் அந்த ஒரே தாளில் அடங்கிவிடும்.

ஊர் ரயத்துவாரி ஊரா (குடியானவர் சர்க்காருக்கு நேராகத் தீர்வை கட்டியது), ஜமீன் ஊரா, இனாம் ஊரா (மானியமாக விடப்பட்டது) என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜமீன் ஊர்களில் குடியானவர் கிஸ்தியை ஜமீனுக்குக் கட்டினார். 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நில அளவையும் நிலவரித் திட்டமும் நடந்தபோதே பல ஊர்களில் அவர் பெயர் சர்க்கார் கணக்கில் ஏறியது. அதற்கு முந்தைய செய்திகளை ஜமீன் கணக்குகளில்தான் தேட வேண்டும், அவை தப்பியிருந்தால். இனாம் ஊர்களுக்கு 1860-களையொட்டி இனாம் கமிஷன் எழுதிய பதிவேடு இருக்கிறது. கோயில் பூசாரி, குயவர், நாவிதர், தச்சர் என்று ஊர் ஊழியத்துக்காக மானியம் பெற்றவர்களின் பெயர்களும் அதில் உண்டு என்பதால், உங்கள் முன்னோர் அப்படிப்பட்ட தொழில்வழிக் குடும்பம் என்றால் இதைத் தவறவிடாதீர்கள்.

அடங்கல் என்னும் கணக்கு பசலிதோறும் எழுதப்படுவது. எந்தப் புலத்தில் என்ன பயிர், எப்படிப் பாசனம் என்பது அதில் இருக்கும். பழைய அடங்கல்கள் அதிகம் தப்பவில்லை. ஆனாலும் ஒன்று கிடைத்தால், அந்த ஆண்டு அவர் கம்பு விதைத்தாரா, மல்லாட்டை போட்டாரா, நிலம் தரிசாகக் கிடந்ததா என்பது தெரியும். மூன்று பசலி தொடர்ந்து தரிசு என்றால் அந்த வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியக்காரர் (ஊர்த் தலைவர்) பதவிகளை அரசு 1980-இல் ஒழித்தபோது, சில ஊர்களில் பழைய கணக்குக் கட்டுகள் முன்னாள் கர்ணத்தின் வீட்டிலேயே தங்கிவிட்டன. அந்தக் குடும்பத்தாரை மரியாதையோடு அணுகிக் கேட்பதில் தவறில்லை.

பத்திரத்தைப் படித்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் பின்பற்ற நேரம் இருக்கிறது என்பவர்கள் இதைப் பின்பற்றுங்கள். பட்டாவில் பெயர் மட்டும்தான் இருக்கும். பத்திரத்தில் ஆளே இருப்பார்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்று கேட்டால், அந்த நிலத்தின்மீது பதிவான பத்திரங்களின் பட்டியல் கிடைக்கும். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975-க்குப் பிந்தையவற்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையவை இணையத்தில் இல்லாவிட்டால் நேரில் மனுக் கொடுக்க வேண்டும். பெயரைக் கொண்டு தேடும் அட்டவணை, சொத்தைக் கொண்டு தேடும் அட்டவணை என இரண்டு உண்டு. ஊரில் அதே பெயரில் ஐந்து பேர் இருப்பார்கள் என்பதை மறவாமல், சொத்து அட்டவணையில் தேடச் சொல்லி மனுவிலேயே எழுதிவிடுங்கள். பத்திர எண்ணும் ஆண்டும் தெரிந்ததும் சான்றிட்ட நகல் கேளுங்கள். அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்திலும் உயில்கள் 3-ஆம் புத்தகத்திலும் பதிவாகும். ஒரு பத்திரம் தனக்கு முந்தைய தாய்ப்பத்திரத்தின் எண்ணையும் ஆண்டையும் பெரும்பாலும் குறிப்பிடும் என்பதால், ஒன்றைப் பிடித்தால் அதன்வழியே முந்தையதற்குப் போகலாம்.

எங்கள் வீட்டில் கிடைத்தது 1924-ஆம் ஆண்டு அடமானப் பத்திரம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை அச்சிட்ட முத்திரைத்தாள். தேதி கிழிந்துபோனாலும், தாளில் இருப்பது விக்டோரியா ராணியா, ஏழாம் எட்வர்டா, ஐந்தாம் ஜார்ஜா, ஆறாம் ஜார்ஜா என்று பார்த்தே காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910-க்கும் 1936-க்கும் இடைப்பட்டது. முதல் வரியில் தேதி இப்படி இருந்தது: ௲௯௱௨௰௪௵ ஆகஸ்ட்௴ ௰௨௳, அதாவது 1924-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 12-ஆம் நாள். தமிழ் எண்களில் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். எண்களை ஒட்டி வரும் குறிகளில் ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள். தொகைக்கு முன்னோ பின்னோ வரும் ௹ ரூபாய். ௸ என்பது மேற்படி. ௸யார் என்று எழுதியிருந்தால் மேற்படியார் என்று படிக்க வேண்டும். இந்த எட்டுக் குறிகளும் தெரியாமல்தான் பலர் பழைய பத்திரத்தைப் படிக்க முடியவில்லை என்று மூடிவைத்துவிடுகிறார்கள். இவற்றோடு, புள்ளி வைக்காமல் எழுதும் கையெழுத்துக்கும், றா, னை போன்றவற்றின் பழைய எழுத்து வடிவங்களுக்கும் கண் பழக வேண்டும். நான்கு பத்திரங்கள் படித்தால் பழகிவிடும்.

பத்திரத்தில் நான்கு இடங்களை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

முதலாவது, எழுதிக்கொடுப்பவரின் அடையாளம். இன்ன தாலுகா இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார் என்று தகப்பனார் பெயரோடு இருக்கும். அந்த ஒரு சொல்லில் நீங்கள் ஒரு தலைமுறை மேலே ஏறிவிட்டீர்கள். "என்கிற" என்ற சொல் வந்தால் விடாதீர்கள். எங்கள் கொள்ளுப்பாட்டனாரை வீட்டில் அழைத்த பெயர் ஒன்று, பட்டாவில் இருந்த பெயர் வேறொன்று. இரண்டும் ஒருவரே என்பதை அந்தப் பத்திரத்தின் "என்கிற" என்ற சொல்தான் நிலைநாட்டியது. நான் அதுவரை தவறான ஆளைத் தேடிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது, கடன் வாங்கிய காரணம். அவர் தம் குமாரத்தியின் கலியாணச் செலவுக்காகவும் முன்கடன் அடைப்பதற்காகவும் வாங்கியதாக எழுதியிருக்கிறார். எந்த மகளின் கலியாணம் என்று அத்தையைக் கேட்டோம். அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அந்த மகளின் கலியாண ஆண்டு இப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மூன்றாவது, செக்குபந்தி என்னும் நான்கெல்லை. இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். "இன்னார் நிலத்துக்குத் தெற்கு" என்று எழுதியிருந்தால், நம் நிலம் அவர் நிலத்துக்குத் தெற்கே இருக்கிறது, அவர் நமக்கு வடக்கே இருக்கிறார் என்று பொருள். எல்லையில் வரும் பெயர்களை ஒரு படமாக வரைந்து பாருங்கள். பாகம் பிரித்த அண்ணன் தம்பிகளின் துண்டுகள் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் என்பதால், எல்லைக்காரர்களில் பாதிப்பேர் பங்காளிகளாக இருப்பார்கள். நான்காவது, சாட்சிகளும் பத்திரம் எழுதியவரும். சாட்சிக்கு மாமன், மைத்துனன் வருவது வழக்கம்.

அசல் பத்திரம் இருந்தால் முதல் தாளின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். முத்திரைத்தாள் யார் பெயரில் எப்போது வாங்கப்பட்டது என்பதும், பதிவு அலுவலரின் குறிப்பும், இடது பெருவிரல் ரேகையும் அங்கே இருக்கும். சான்றிட்ட நகலில் ரேகையைப் பார்க்க முடியாது. என் கொள்ளுப்பாட்டனாருக்குப் புகைப்படம் எதுவும் இல்லை. அவர் உடலின் அடையாளமாக மிஞ்சியது அந்த ரேகை ஒன்றுதான். அதன் நடுவில் குறுக்காக ஒரு வெட்டுத் தழும்பு இருக்கிறது. மல்லாட்டைச் செடி களை வெட்டுகிற கொத்து பட்டதோ, அரிவாள் பட்டதோ தெரியாது.

கிரயம், அடமானம், போக்கியம் ஆகியவற்றோடு பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் விடுதலைப் பத்திரத்தையும் தனியாகத் தேடுங்கள். 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு, தகப்பனார் சொத்தில் உரிமை பெற்ற மகள்கள் சகோதரர்களுக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரங்கள் பெருகின. குடும்ப மரத்தில் பெண்கள் பக்கம் வெற்றாக இருப்பதாக வருந்துகிறவர்களுக்கு இவை பெரிய உதவி: எல்லா மகள்களும், அவரவர் கணவர் பெயரோடும் புகுந்த ஊரோடும், வரிசையாக ஒரே பத்திரத்தில் நிற்பார்கள். உரிமையைக் கைவிடுகிற பத்திரத்தில்தான் அவர்கள் பெயர் முழுதாக வருகிறது என்பது வேறு விஷயம்.

பங்காளிச் சண்டை நீதிமன்றம் வரை போன குடும்பங்கள் உண்மையில் பாக்கியம் செய்தவை. பாகப்பிரிவினை வழக்கின் பிராதில் வம்சாவழிப் பட்டியல் கட்டாயம் இருக்கும். எதிர்க்கட்சி அதை வரிக்கு வரி மறுத்திருக்கும். மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில் தீர்ப்பு, டிக்ரி நகல்களுக்கு மனுச் செய்யலாம்.

பிறப்பு, இறப்பு, பள்ளிக்கூடம்

சென்னை மாகாணத்தின் 1899-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிராமங்களில் பிறப்பு இறப்புகளை எழுதும் பொறுப்பு மணியக்காரரிடம் இருந்தது. பழைய பதிவேடுகளை வட்டாட்சியர் அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள். பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரைத் தேடிப் பயனில்லை. பெயர் வைக்கும் முன்பே எழுதிவிடுவதால் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்றுதான் இருக்கும். தகப்பனார் பெயரைக் கொண்டு தேட வேண்டும். இறப்புப் பதிவில் வயதும் காரணமும் இருக்கும். காரணம் பெரும்பாலும் காய்ச்சல் என்றோ வாந்திபேதி என்றோ இருக்கும். மணியக்காரர் வைத்தியர் அல்லர்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலுள்ள பிறந்த தேதியை நம்பாதீர்கள். வாத்தியார் பையனின் கையைத் தலைக்கு மேலாக வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்துவிட்டு ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு நாளை எழுதினார். ஆனால் பெற்றோர் பெயர், தொழில், ஊர் ஆகியவற்றை நம்பலாம்.

நிலம் இல்லாதவர்களைத் தேடுதல்

இதுவரை சொன்ன வழி, ஓரிரு சென்டாவது சொந்தமாக இருந்தவர்களுக்குப் பொருந்தும். பண்ணையாளாகவும் படியாளாகவும் இருந்தவர்களை நிலக் கணக்குகள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும்படி 1892-இல் பிறந்த அரசாணையின்படி வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் உண்டு. பழைய அ-பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் டி.சி. (ஒடுக்கப்பட்ட வகுப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற குறிப்போடு, முதலில் ஒப்படை பெற்றவரின் பெயர் இருக்கலாம். அந்த நிலம் இன்று வேறு யார் கையிலோ இருக்கக்கூடும் என்பதால், கேட்கும்போது அந்த ஊரின் நிலைமை அறிந்து கேளுங்கள்.

கிறித்தவக் குடும்பங்களுக்குத் தேவாலயப் பதிவேடுகள் உள்ளன. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்ற மூன்று பதிவேடுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கத்தோலிக்கப் பங்குகளில் பழையவை இலத்தீனில் இருக்கும். ஞானப்பெற்றோர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், அவர்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவினர்கள். புதுச்சேரி, காரைக்கால் பகுதியினருக்குப் பிரெஞ்சு அரசின் குடிமைப் பதிவேடுகள் இருக்கின்றன. பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்று 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்தவர்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள் என்பதால், அவர்களுக்கு மட்டும் பெயரைப் பிடித்தே தேடலாம்.

கடல் கடந்து போன கூலிகளின் நிலைமை விசித்திரமானது. ஊரில் இருந்திருந்தால் எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காத ஒருவர், கப்பல் ஏறியதால் முழுதாகப் பதிவானார். சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16-இல் டர்பன் போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். கப்பல் பட்டியலில் எண், பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலிலுள்ள மச்சம் தழும்பு வரை இருக்கும். மொரீஷியஸ் போனவர்களின் ஆவணங்கள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. 1860-களிலிருந்து புகைப்படம்கூட உண்டு. பீஜிக்குச் சென்னையிலிருந்து ஆள் போனது 1903 முதல் 1916 வரை. இந்தப் பட்டியல்களில் ஊர்ப்பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, அந்தத் தாலுகாவின் ஊர்ப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் கங்காணி (ஊரில் ஆள் திரட்டிய மேஸ்திரி) வழியாகப் போனதால் அப்படிப்பட்ட கப்பல் பட்டியல் கிடைப்பது அரிது. அவர்களுக்கு இலங்கை போகுமுன் தங்கவைத்த மண்டபம் முகாம், தோட்டத்துப் பேர்ப் பதிவு, 1948-49 குடியுரிமைச் சட்டங்களையொட்டிக் கொடுத்த மனுக்கள் ஆகியவையே வழி. 1964-இன் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தப்படி திரும்பியவர்களின் குடும்ப அட்டையும் கடவுச்சீட்டும் வீட்டில் இருந்தால் பத்திரமாகப் படம் எடுத்துவையுங்கள். தமிழ்நாட்டிலுள்ள பூர்விக ஊரின் பெயர் அவற்றில் இருக்கக்கூடும்.

சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குக் கடைசியில் போங்கள், முதலில் அல்ல. ஜில்லா ஆவணங்களும், வருவாய் வாரிய நடவடிக்கைகளும், இனாம் பதிவேடுகளும் அங்கே கடல்போலக் கிடக்கின்றன. ஊரின் பழைய பெயர், தாலுகா, ஆண்டு, சர்வே எண் ஆகியவை கையில் இல்லாமல் போனால் ஒரு வாரத்தில் களைத்துத் திரும்பிவிடுவீர்கள்.

எழுதிவைக்கும் முறை

கிடைக்கும் ஒவ்வொரு செய்திக்கும் எதிரே, அது எந்தத் தாளிலிருந்து, எந்த அலுவலகத்திலிருந்து, எந்தத் தேதியில் கிடைத்தது என்று எழுதுங்கள். அத்தை சொன்னது என்றால் அத்தை சொன்னது என்றே எழுதுங்கள். தாள்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால், உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடக் கூடாது. எங்கள் கொள்ளுப்பாட்டனாருக்கு 1924 பத்திரத்தில் வயது சுமார் 45. 1931-இல் எழுதிய இன்னொன்றில் சுமார் 48. 1947-ஆம் ஆண்டு இறப்புப் பதிவில் 63. கழித்துப் பார்த்தால் 1879, 1883, 1884 என்று மூன்று ஆண்டுகள் வருகின்றன. அவர் பக்கத்தில், பிறப்பு என்ற வரியில், 1879-க்கும் 1884-க்கும் இடையில் என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். தாதுப் பஞ்சம் தணிந்த பிறகு பிறந்த பிள்ளை என்று அத்தை சொன்னதை அதன் கீழே தனி வரியில் எழுதியிருக்கிறேன்.